சந்திக்குச் சந்தி லொறி

சோபனாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், தேத்தண்ணி போடுவாள். அன்று காலை நிப்றாஸ் ஹெல்மெட்டைக் கழற்றி வைப்பதற்குள்ளேயே அவனுடைய மேசையில் ஒரு கோப்பை வந்து குந்திவிட்டது. சீனி இல்லாத தேத்தண்ணி. வாயில் வைத்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது, இன்றைக்கு நல்லாய் வாங்கிக் கட்டப்போகிறோம் என்று.

“லொறிக் கதையை ஆருக்குச் சொன்னீங்க?” என்று கேட்டாள் சோபனா.

“ராத்தாக்கு மட்டும்தான்,” என்றான் நிப்றாஸ், தன் அக்காவைச் சொல்லி.

“சுஹைரா ராத்தாவுக்குச் சொன்னா கிண்ணியா முழுக்கச் சொன்னமாதிரி. நேற்று மீன் வாங்கப் போனனான். மீன்காரர் கேக்கிறார், ‘என்ன பிள்ளை, உங்கட கேமில சந்திக்குச் சந்தி லொறி நிக்குதாமே’ எண்டு.”

நிப்றாஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தான். அது அடங்குகிற சாதிச் சிரிப்பு இல்லை. கசப்புத் தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது.

இந்த இரண்டு பேரும் யார், அது என்ன லொறி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். திருகோணமலையில், உட்துறைமுகத்தைப் பார்த்த வீதியில் கனகரத்தினம் என்பவரின் இரும்புக்கடை இருக்கிறது. அதன் மேல்மாடியில் இவர்கள் இருவரும் கணினி விளையாட்டுச் செய்கிறார்கள். சோபனா லிங்கநகர்ப் பெண்; கதை எழுதுவது அவள் வேலை. நிப்றாஸ் கிண்ணியாவிலிருந்து பாலத்தைத் தாண்டி மோட்டார்சைக்கிளில் வருகிறவன். கதை நடக்கிற ஊரைத் திரையில் கட்டி எழுப்புவது அவன் வேலை. பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கிற விளையாட்டுகளைச் செய்து கையைப் பழக்கிக்கொண்டவர்கள், இரண்டு வருடத்துக்கு முன்புதான் தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அது ஒரு குற்றக் கதை. துப்பாக்கி இல்லை, கொலை இல்லை. ஒரு படகு எஞ்சின் களவு போகிறது. களவெடுப்பது வேறு யாரும் இல்லை, விளையாடுகிற நீங்கள்தான்.

இறால் காலத்தின் நடுவில் உங்கள் எஞ்சின் செத்துப்போகிறது. மூதூர்ப் படகுகள் வந்து கட்டுகிற இறங்குதுறைக்குப் பக்கத்தில் உங்கள் கூட்டாளி ஸெய்னுதீனின் போட் நிற்கிறது, புத்தம் புது எஞ்சினோடு. ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கழற்றிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு ஒளிக்க வேண்டும், பொய் சொல்ல வேண்டும், ஸெய்னுதீனின் முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசியில் ஒரு விடிகாலை, மனம் கேட்காமல் எஞ்சினைத் திருப்பிக் கொண்டுபோகிறீர்கள். பூட்டலாம் என்று தூக்கினால் எழும்பாது. அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஸெய்னுதீன் வருகிறார். ஏசவில்லை, பொலிசைக் கூப்பிடவில்லை. “தனியத் தூக்க ஏலாது. இந்தப் பக்கத்தை நான் பிடிக்கிறன்” என்கிறார். அவ்வளவுதான் கதை.

அந்த முடிவில்தான் சோபனாவின் உயிர் இருந்தது. சாம்பல்தீவில் அவளுடைய மாமாவுக்குப் போட் இருந்தது. ஒரு எஞ்சினைக் கழற்றி, இழுத்து, ஆட்டோவுக்குள் தள்ளிவிட ஒரு ஆள் காணும், போட்டின் உயரத்துக்குத் தூக்கிப் பூட்ட இரண்டு பேர் வேண்டும் என்பது அவள் கண்ணால் கண்டது. ஆகவே அந்த இடத்துக்கு ஒரு விதி வைத்திருந்தாள். உங்கள் இரண்டு கையும் கீபோர்ட்டின் இரண்டு பக்கத்தில் அமத்திக்கொண்டு இருக்க வேண்டும். ஸெய்னுதீனின் கைக்கென்று நடுவில் இன்னொரு கீ. பக்கத்தில் ஒரு ஆள் இருந்து அதை அமத்தினால்தான் எஞ்சின் எழும்பும்.

“தனிய இருந்து விளையாடுறவன் என்ன செய்வான்?” என்று நிப்றாஸ் எத்தனையோ தரம் கேட்டுவிட்டான்.

“ஆரையாவது கூப்பிடுவான்.”

“கூப்பிட மாட்டான். மூடிப்போட்டுப் படுத்திடுவான்.”

அந்த முடிவுக்கு ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் லொறிகள். சோபனா தன் பதிப்பில் கதை போகிற வீதியை மட்டும் திறந்து வைத்திருந்தாள். வேறு எங்கே திரும்பப் பார்த்தாலும் ஒரு லொறி குறுக்கே நிற்கும். திருகோணமலை முழுக்க லொறி. நிப்றாஸின் பதிப்பில் ஒரு லொறியும் இல்லை, கதையும் ஏறக்குறைய இல்லை. இறங்குதுறையிலிருந்து லிங்கநகர் ஒழுங்கைகள் வரை, வடக்கே சல்லியில் மீன் காய்கிற மணல் வரை, அவன் போனைப் பிடித்துக்கொண்டு திரிந்து ஊரை அப்படியே கட்டி வைத்திருந்தான். வீதியில் மான்கள் மரக்கறி இலை தின்று நின்றன. எந்த ஆட்டோவிலும் ஏறலாம், எந்தப் படலையையும் திறக்கலாம். எதிரே வருகிற சனம் நின்று “எங்க போறீங்க?” என்று கேட்கும். நம்முடைய ஊரில் அப்படிக் கேட்காத சனம் ஏது?

“இந்தத் திறந்த உலகமெண்டுறதே பெரிய ஏமாத்து,” என்பாள் சோபனா. “தம்பியைக் கடத்திக்கொண்டு போயிட்டாங்கள், தேடு எண்டு கேம் சொல்லுது. விளையாடுறவர் கடற்கரையில தூண்டில் போட்டுக்கொண்டு நிக்கிறார். கேட்டா சுதந்திரமாம். அந்தத் தம்பிக்கு ஆர் பதில் சொல்றது?”

“உங்கட வழி மட்டும் என்னவாம்?” என்பான் நிப்றாஸ். “கையைப் பிடிச்சு நேசரிக்குக் கூட்டிட்டுப் போறமாதிரி. களவெடுக்கிறவனுக்கு எந்த ஒழுங்கையால ஓடுறதெண்டு தெரியாதா? நீங்க சொன்ன வழியாலதான் ஓடணுமா?”

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்ததுதான் தொல்லை. ஒருத்தர் மடையராக இருந்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். கொழும்பில் புது விளையாட்டுகளைக் காட்சிக்கு வைக்கிறார்கள், ஒரு பதிப்பைத்தான் அனுப்பலாம், நாளும் நெருங்கிவிட்டது. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் தெரிந்த ஆட்களைக் கூப்பிட்டு இரண்டையும் விளையாட விடுவது. எதில் ஆட்கள் ஒட்டிக்கொள்கிறார்களோ அதுதான் கொழும்புக்கு. நிப்றாஸின் ஊர் வென்றால் ஸெய்னுதீன் விடிகாலையில் வர மாட்டார்; அந்த முடிவைக் கழற்றி எறிய வேண்டியதுதான். சோபனா “ஓம், சரி” என்றாள். சொல்லிவிட்டுக் கீழே போய் மூன்றுமுறை முகம் கழுவினாள்.

சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். கீழ்க்கடைக் கனகரத்தினம், கடையைப் பூட்டிவிட்டு, கையில் பேக்கரியில் வாங்கிய சூடான பணிஸ் பையோடு ஏறி வந்தார். நிப்றாஸின் மூத்த சகோதரி சுஹைரா, கிண்ணியாவில் தையல்கடை வைத்திருப்பவர், நல்ல அபாயா உடுத்திக் கல்யாண வீட்டுக்கு வருகிறமாதிரி வந்தார். மூன்றாவது ஆள் சோபனாவின் கணவன் பிரகலாதன். அவனுக்குத் துறைமுகத்தில் வேலை. மனைவியின் கதையை அவன் அன்றுவரை கேட்டதில்லை; “முடிச்சாப்பிறகு பார்க்கிறன், இடையில சொல்லாதேயும்” என்று காதைப் பொத்திக்கொண்டு திரிந்த மனுசன்.

முதலில் சோபனாவின் பதிப்பு. கனகரத்தினம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எஞ்சினைக் கழற்றினார், ஆட்டோவில் ஏற்றினார், வீதியில் இறங்கினார். இறங்கியவர் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டார்.

“பிள்ளை, இது ஆற்ற லொறி?”

“அது சும்மா அண்ணை. வழியை மறிக்க வச்சிருக்கு.”

“என்ர கடை வாசலில நிக்குது.”

சோபனா எட்டிப் பார்த்தாள். உண்மைதான். நிப்றாஸ் கட்டிய ஊரையே அவளும் எடுத்துப் பாவித்திருந்தாள். லொறியை வைக்கும்போது அது யாருடைய வாசல் என்று யோசிக்கவில்லை.

“இப்பிடிக் குறுக்க விட்டா நான் எப்பிடிச் சாமான் இறக்கிறது? சீமெந்து வந்தா எங்க பறிக்கிறது?” கனகரத்தினத்துக்கு உண்மையாகவே கொதி வந்துவிட்டது. “இதை எடுத்தாத்தான் நான் மேற்கொண்டு போவன்.”

எவ்வளவு சொல்லியும் மனுசன் அசையவில்லை. களவெடுத்த எஞ்சினை மறந்து, ஆட்டோவை விட்டு இறங்கி, லொறியைச் சுற்றிச் சுற்றி நடந்து சாரதியைத் தேடினார். அடுத்ததாக வந்த சுஹைரா பள்ளிவாசலுக்குப் பக்கத்து ஒழுங்கையால் போகப் பார்த்தார். அங்கேயும் லொறி. “இதாலதான் கிட்ட,” என்றார். “ஏலா எண்டா என்ன? நான் சின்ன வயசில இருந்து இதாலதானே போற.” மூன்று லொறியில் முட்டிவிட்டு அவரும் எழும்பிவிட்டார். பிரகலாதன் பாதி வரை பொறுமையாக விளையாடினான். பிறகு மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்து, “நல்லா இருக்கு” என்றான். பத்து வருடம் ஒன்றாக இருந்தவளுக்கு அந்த “நல்லா இருக்கு” எந்தக் குழம்புக்குச் சொல்கிற “நல்லா இருக்கு” என்று தெரியாதா? அவள் எழும்பிப் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டாள். சீனி போடவில்லை.

இனி நிப்றாஸின் முறை. அவன் மீசையைத் தடவிக்கொண்டு தன் பதிப்பைத் திறந்தான். கனகரத்தினம் நேரே தன் கடைக்குப் போனார். லொறி இல்லாத வாசலைக் கண்டு மனம் குளிர்ந்து, உள்ளே போய்த் தன் கதிரையில் இருந்தார். “ஆணிப் பெட்டி இந்தப் பக்கம் வரவேணும், தம்பி” என்றார். அதோடு அவருடைய குற்ற வாழ்க்கை முடிந்தது. பிரகலாதன் ஒரு ஆட்டோவில் ஏறினான். வழியில் மான் குறுக்கே வந்தது. மானை இடித்துக்கொண்டு போகலாம், யாரும் கேட்கப் போவதில்லை. இவன் ஹோர்ன்கூட அடிக்காமல் அது கடந்து முடியும்வரை காத்திருந்து, லிங்கநகருக்குப் போய், தன் வீட்டுப் படலையைத் திறந்தான். முற்றத்துக் கொடியில் சேட் ஒன்று காய்ந்தது.

“இது என்ர சேட்டல்லோ?”

“படம் எடுக்க வந்த அண்டு காய்ஞ்சுகொண்டு இருந்திச்சு,” என்றான் நிப்றாஸ்.

பிரகலாதனுக்கு வாயெல்லாம் பல். அந்த முற்றத்திலேயே நின்றான். மதிலைப் பார்த்தான், கிணற்றைப் பார்த்தான், திரும்பவும் சேட்டைப் பார்த்தான். இறங்குதுறையில் எஞ்சின் தன் பாட்டுக்கு இருந்தது. சோபனாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டு வருடமாக எழுதிய கதையை விட்டுவிட்டு மனுசன் தன் சேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானே! ஆனால் அவளைவிட நிப்றாஸின் முகம்தான் சுருங்கிப் போயிருந்தது. என்ன வேண்டுமானாலும் செய் என்று ஊரைத் திறந்துவிட்டால், எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒருத்தர்கூடக் களவெடுக்கவில்லை.

“தள்ளுங்க, நான் எடுக்கிறன்,” என்றார் சுஹைரா.

எடுத்தார். எஞ்சினை இழுத்து ஆட்டோவின் பின்சீட்டில் போட்டு, மேலே படங்கை இழுத்து மூடினார். அதை ஒளிக்கிற கொட்டில் சல்லிக்குப் போகிற வழியில் இருந்தது. சந்திக்கு வர, முக்காடு போட்ட ஒரு பெண் திரையில் எதிரே வந்து, “எங்க போறீங்க?” என்று கேட்டாள். கீழே மூன்று பதில்கள் இருந்தன: கடைக்கு, வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு. நிப்றாஸ் சும்மா அழகுக்காக வைத்தவை. எதை அமத்தினாலும் ஒன்றும் நடக்காது, அந்தப் பெண் “சரி சரி” என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். சுஹைரா ‘ஆஸ்பத்திரிக்கு’ என்பதை அமத்தினார். பிறகு ஆட்டோவை மற்றப் பக்கம் திருப்பினார்.

“ராத்தா, கொட்டில் அந்தப் பக்கம்.”

“தெரியும்.”

“பிறகேன் இஞ்சால போறிங்க?”

“ஆஸ்பத்திரிக்கு எண்டு சொல்லிட்டனே.”

“அது பொம்மை ராத்தா. அவ பாக்க மாட்டா.”

“பாத்தா?” சுஹைரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆஸ்பத்திரி எண்டு சொல்லிட்டு சல்லிப் பக்கம் போறா எண்டு ஊரெல்லாம் கதைக்க மாட்டாவா?”

மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மறித்துக் கேட்டான். சுஹைரா திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு என்றார். “வீட்டுக்கு எண்டு சொன்னா முடிஞ்சுதே ராத்தா, திரும்பி வந்திடலாம்,” என்றான் தம்பி. “ஒராளுக்கு ஒண்டு மற்றாளுக்கு ஒண்டு சொல்ல ஏலுமா? அவங்க ரெண்டு பேரும் சந்திச்சாங்க எண்டா?” என்று அக்கா ஏசினார். அப்படியே ஊரைச் சுற்றி ஆஸ்பத்திரி வாசல் வரை போய், அங்கே நிறுத்தி, முகத்தை முக்காட்டு நுனியால் துடைத்தார். உண்மையாகவே வியர்த்திருந்தது.

“உள்ள ஆரைப் பாக்க வந்த எண்டு கேட்டா என்ன சொல்ற?”

“மாமிக்குச் சுகமில்லை எண்டு சொல்லுங்க,” என்றார் கனகரத்தினம், கதிரையின் நுனிக்கு வந்து.

“மாமி நாளைக்குச் சந்தையில நிண்டா?” என்றான் பிரகலாதன்.

“அப்ப மாமியை வெளிய வர வேணாம் எண்டு சொல்ல வேணும்.”

“எப்பிடிச் சொல்றது? ஏனெண்டு கேப்பாவே.”

மூன்று பேரும் தலையை ஒன்றாக வைத்துக்கொண்டு, இல்லாத மாமியை எங்கே ஒளிப்பது என்று கதைத்தார்கள். பணிஸ் ஆறிப்போயிற்று. ஒருத்தருக்கும் வீட்டு ஞாபகம் வரவில்லை, சேட்டு ஞாபகம் வரவில்லை. சோபனா சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் எழுதிய எந்த வரியும் அங்கே இல்லை, ஆனால் நடப்பதெல்லாம் அவளுடைய கதைதான். ஒரு லொறிகூட இல்லாமல் சுஹைரா ஒரே வழியால் போயிருக்கிறார். அவர் வாயால் சொன்ன சொல்தான் அவரை மறித்திருக்கிறது.

“நிப்றாஸ்,” என்றாள். “லொறியள் எல்லாத்தையும் எடுங்க.”

“எடுத்தா ஆக்கள் கதையை விட்டுட்டுப் போயிடுவாங்கள் எண்டீங்களே?”

“எங்க போறது? இன்ன இடத்துக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு, வேற எங்க போறது?”

நிப்றாஸ் அக்காவைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், தலையில் ஒரு அடி அடித்துக்கொண்டான். அவனுக்கும் விளங்கிவிட்டது.

அடுத்து வந்த கிழமைகளில் அந்த மேல்மாடியில் நடந்த வேலையைப் போல ஒரு வேலை அதற்கு முன்னர் நடந்ததில்லை. ஊர் நிப்றாஸின் ஊராகவே திறந்து கிடந்தது. லொறி நின்ற இடங்களில் எல்லாம் சோபனா ஆட்களை நிறுத்தினாள். ஒவ்வொருவரும் ஒரு கேள்வி. நீங்கள் சொல்கிற பதில் உங்களுக்கு முன்னால் ஓடிப்போய் நிற்கும். கடைக்கு என்றால் கடைக்காரர் “வாறீங்களெண்டு சொன்னாங்க” என்று சாமானோடு காத்திருப்பார். ஆஸ்பத்திரிக்கு என்றால் பின்னேரமே அங்கே ஸெய்னுதீன் வந்து நிற்பார், ஒரு பை தோடம்பழத்தோடு, “மாமிக்கு எப்பிடி?” என்று. எஞ்சின் களவு கொடுத்த மனுசன், களவெடுத்தவனின் இல்லாத மாமிக்குத் தோடம்பழம் கொண்டு வருகிறார். அதை எழுதி வாசித்துக் காட்டிய அன்று நிப்றாஸ் தலையில் கையை வைத்தான். “அல்லாஹ், இது சரியான பாவம்,” என்றான். அன்றைய தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

எந்த வழியால் போனாலும், யாருக்கு என்ன சொன்னாலும், கடைசியில் அந்த விடிகாலைக்கு வந்து சேரலாம். அந்த அளவில் சண்டை தீர்ந்தது. தீராமல் நின்றது ஒன்றுதான், அந்த மூன்றாவது கை.

“எல்லாம் ஒத்துக்கொண்டன்,” என்றான் நிப்றாஸ். “அதை மட்டும் ஏலா. இவ்வளவு தூரம் வந்தவன் கடைசியில கோபத்தில எழும்பிப் போனா, எல்லாம் வீண். ஸெய்னுதீன் தானாத் தூக்கட்டும்.”

“தானாத் தூக்கினா அது வேற கதை.”

“சரி, ஒராளை இருத்திப் பாப்பம். உதவி சொல்லக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. ஆள் எழும்பிட்டா அந்தக் கீயை நான் கழட்டிடுவன். ஆனா ஆளை நான்தான் சொல்லுவன்.”

“ஆர்?”

“உங்கட அவர்தான். சேட்டுப் பாக்கப் போன ஆள்.”

சோபனாவுக்குக் கொடியில் காய்ந்த அந்தச் சேட்தான் கண்ணில் வந்தது. ஆனாலும் ஓம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பிரகலாதன் வந்து இருந்தான். சோபனா யன்னலோரம் போய் நின்றுகொண்டாள். வெளியே துறைமுகத்துத் தண்ணீர் வெயிலில் கிடந்தது, மூதூருக்குப் போகிற படகில் மோட்டார்சைக்கிள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னால் கீபோர்ட் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இந்த முறை அவன் எஞ்சினை எடுத்தான். சந்தியில் மறித்துக் கேட்டவளுக்கு என்ன பதில் சொன்னான் என்று பார்க்கத் தேவையில்லை. வீட்டுக்குத்தான்.

சொன்ன சொல்லுக்கு வீட்டுக்கே கொண்டுபோனான். எஞ்சினைக் குளியலறைக்குள் இழுத்துவிட்டு, படங்கைத் தேடினான், கிடைக்கவில்லை. கொடியில் காய்ந்த சேட்டை எடுத்து அதன்மேல் போர்த்தான். கொஞ்ச நேரத்தில் படலை திறக்கிற சத்தம். ஸெய்னுதீன் வந்து விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார்.

“உன்ர எஞ்சின் பழுதெண்டு கேள்விப்பட்டன்,” என்றது திரையில் அந்தக் குரல். “ஒரு போட்டில ரெண்டு பேருமாப் போவம், வாறதைப் பாதி பாதி எடுப்பம் எண்டு சொல்ல இருந்தனான். துறைக்குப் போய்ப் பாத்தா, என்ர எஞ்சினைக் காணேல்ல. அது கிடக்கட்டும். வெயிலுக்குள்ள நடந்து வந்தது, முகம் கழுவ வேணும். குளியலறை இஞ்சால தானே?”

“ஐயோ,” என்றான் பிரகலாதன், வாய்க்குள்.

தண்ணி வரவில்லை என்று ஒரு பொய். கிணற்றில் அள்ளித் தருகிறேன் என்று ஒரு ஓட்டம். யன்னலோரம் நின்ற சோபனா சிரிக்காமல் இருக்கக் கையைக் கடித்துக்கொண்டாள். ஆனால் ஸெய்னுதீன் முகம் கழுவிப் போன பிறகு கீபோர்ட்டில் சத்தமே வரவில்லை. அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பிரகலாதன் கையைக் கட்டிக்கொண்டு, வெறும் விறாந்தைக் கதிரையைப் பார்த்தபடி இருந்தான்.

“அந்த மனுசனுக்குத் தெரியும் என்ன?” என்று பொதுவாகக் கேட்டான்.

பிறகு யாரும் சொல்லாமலே எஞ்சினை ஆட்டோவில் ஏற்றினான். திரையில் விடிந்துகொண்டு வந்தது. வழியில் மறித்த ஒரு ஆளுக்கு ‘கடற்கரைக்கு’ என்று பதில் சொன்னான். அதுதான் அவன் சொன்ன முதல் உண்மை. இறங்குதுறையில் எஞ்சினைப் போட்டின் பின்புறம் வரை இழுத்தான். வலக் கையை ஒரு கீயிலும் இடக் கையை ஒரு கீயிலும் வைத்து அமத்தினான். எஞ்சின் அரைவாசி எழும்பிச் சரிந்தது. ஸெய்னுதீன் வந்தார், சொல்ல வேண்டியதைச் சொன்னார், குனிந்தார். எஞ்சின் எழும்பவில்லை. நடுவில் இருந்த கீ மினுங்கிக்கொண்டிருந்தது.

பிரகலாதன் முழங்கையால் முயன்றான். குனிந்து நாடியை வைத்து அமத்திப் பார்த்தான். மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. நிப்றாஸ் சோபனாவைப் பார்த்து, ‘கண்டீங்களா’ என்கிறமாதிரிப் புருவத்தை உயர்த்தினான். பிரகலாதன் இரண்டு கையையும் எடுத்துவிட்டான். முடிந்தது, எழும்பப் போகிறான், இனி அந்த முடிவு யாருக்கும் இல்லை என்று சோபனா நினைத்தாள்.

அவன் எழும்பவில்லை. கையிலிருந்த வியர்வையைக் காற்சட்டையில் துடைத்தான். கண்ணாடியைப் போட்டான். திரும்பவும் இரண்டு கையையும் அதே இடத்தில் வைத்தான்.

“சோபனா, இஞ்ச வாரும்,” என்றான், திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல். “இந்தப் பக்கத்தை ஒருக்காப் பிடியும்.”

அவள் எப்படி அந்த அறையைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவனுடைய இரண்டு கைக்கும் நடுவில் தன் விரலை வைத்து அமத்தினாள். எஞ்சின் எழும்பியது. மெல்ல, பாரமாக, கொஞ்சம் அவன் பக்கம் சரிந்து, பிறகு நேராகி, போட்டின் பலகையில் போய் இருந்தது. திருகாணிகள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின. பின்னால் நிப்றாஸ் தேத்தண்ணி போடப் போனான்.

“முடிஞ்சுது,” என்றாள் சோபனா. “இனிக் கையை எடுக்கலாம்.”

“பொறும்,” என்றான் பிரகலாதன். “நல்லா இறுகட்டும்.”